மலையில் குடியிருப்போருக்கு ஒரு கேள்வி: தினம் பத்து நிமிடத்தில் நாளை நிறைவாக்கும் சின்ன வேலைகள் என்னென்ன?

புதுமலைவாசி (கோத்தகிரி) – கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். சமவெளியிலிருந்து வந்து கோத்தகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலை முழுக்க வீட்டிலேயே, கணினி முன்னால். ஊரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாமல் நாட்கள் ஓடுகின்றன. மாதக் கடைசியில் நினைத்துப் பார்த்தால் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றுகிறது.

பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிகிற, தினமும் செய்யக்கூடிய, இந்த மலைக்கே பொருந்துகிற சின்ன வேலைகள் ஏதாவது சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சி, நன்றிக் குறிப்பு போன்ற பொது ஆலோசனைகள் நிறையப் படித்தாகிவிட்டது. எதை வைத்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எங்கே பிசகும் என்று சொன்னால் பிடித்துக்கொள்வேன். வீட்டில் சின்ன முற்றம், கிழக்கு பார்த்த ஜன்னல் ஒன்று, சமையல்கட்டை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண் இருக்கிறது. செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கினால் நல்லது.

இலைக்கொழுந்து (குன்னூர்)

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு டீயை அவசரத்தில் குடிப்பதுதான் இங்கே பலரும் செய்வது. அங்கேயே ஆரம்பிக்கலாம். காலை டீ எப்படியும் போடத்தான் போகிறீர்கள், அதனால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

முதலில் தண்ணீர். உயரம் கூடக்கூட கொதிநிலை இறங்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். குன்னூர், கோத்தகிரியில் 94 வாக்கில். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. சமவெளியில் மூன்று நிமிடத்தில் இறங்கும் சாறு இங்கே இறங்க நான்கு, நான்கரை நிமிடம் பிடிக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல், சாயம் போதவில்லை என்று தூளை அள்ளிப் போடுகிறார்கள். அப்போது வருவது கசப்புதான், மணம் இல்லை.

இரண்டாவது பாத்திரம். டிசம்பர் காலையில் பீங்கான் கப் 12 டிகிரியில் சில்லென்று இருக்கும். அதில் நேராக ஊற்றினால் தண்ணீரின் சூடு இருபது டிகிரி வரை இறங்கிவிடும். கப்பையும், இலை ஊறும் பாத்திரத்தையும் வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். தினமும் செய்யும் டீயில் பெரிய மாற்றம் தருவது இந்த அரை நிமிடம்தான்.

பால் இல்லாத டீக்கு ஆர்த்தடாக்ஸ் இலை வாங்குங்கள், நீளமாக முறுக்கிய இலை. 200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம். இலை அடர்த்தியில்லாமல் உப்பலாக இருப்பதால் தேக்கரண்டியில் கூம்பாக ஒன்று வரும். மூடி போட்டு நான்கரை நிமிடம். வடிகட்டியதும் இலையை உடனே கொட்டாதீர்கள். ஈர இலையை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கப்பில் வராத மணம் அதில் இருக்கும். பிறகு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பாருங்கள். நீலகிரி டீ ஆறினாலும் பெரும்பாலும் கலங்காது, தெளிவாகவே நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பனிக்காலத்தில் பறித்த இலைக்கு மணம் தூக்கலாக இருக்கும். மழை மாதங்களில் செடி வேகமாகத் துளிர்ப்பதால் சாயம் வரும், மணம் மட்டுப்படும். ஒரே கடையில் ஒரே ரகத்தை மாதாமாதம் 100 கிராம் மட்டும் வாங்கினால் இந்த ஏற்ற இறக்கத்தை நாக்கே சொல்லும். ஒரு கிலோ வாங்கி வைத்தால் அது தெரியாது.

பால் டீ என்றால் சிடிசி தூள், குருணையாக இருக்கும் வழக்கமான டீத்தூள். 150 மில்லி தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி தூள், இரண்டு மூன்று நிமிடம் கொதி, பிறகு தனியாகக் காய்ச்சிய சூடான பால் 100 மில்லி. இஞ்சி போடுவதானால் தட்டித் தண்ணீரில் முதலிலேயே போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சிச் சாற்றில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அது வேகாமல் பாலில் சேர்ந்தால் திரிந்துவிடும். பால் கெட்டுவிட்டது என்று பால்காரரிடம் சண்டை போடுவதில் பாதி இதனால்தான்.

தூளை எவர்சில்வர் டப்பாவில் இறுக்க மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மலை ஈரத்தில் திறந்த பாக்கெட் இரண்டு வாரத்தில் சாரம் இழக்கும். மசாலா டப்பா, கற்பூரம், சோப்பு பக்கத்தில் இருந்தால் அந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. அந்த நான்கரை நிமிடத்தில் போனைத் தொடாதீர்கள். இந்தப் பழக்கத்தின் பலன் பெரும்பாலும் அந்த நான்கரை நிமிடத்தில்தான் கிடைக்கும்.

மழைக்கணக்கு (ஊட்டி)

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நாட்கள் எல்லாம் ஒன்றுபோல் தெரிவதற்குக் காரணம், நாளுக்கு நாள் மாறுகிற எதையும் நாம் கவனித்துக் குறிக்காததுதான். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வேலையைச் செய்தால் மாறுவது எது என்று பளிச்சென்று தெரியும். அதற்கு மழையளவைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. தினமும் மூன்று நிமிடம் போதும்.

வேண்டியவை: ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டி (ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு இங்கே தடை இருப்பது தெரிந்திருக்கும்), வாய் வட்டமான ஒரு புனல், இருமல் மருந்தோடு வரும் மில்லி அளவுக் கிண்ணம் அல்லது அளவுக் குவளை. புனலின் வாய் விட்டத்தை உள் ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஸ்கேலால் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வரும். சேர்ந்த தண்ணீரின் மில்லி அளவை அந்தப் பரப்பால் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள். அதுதான் மழை மில்லிமீட்டரில்.

உதாரணம்: புனல் 10 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 78.5. சேர்ந்தது 100 மில்லி என்றால் மழை 12.7 மில்லிமீட்டர். கடையில் தேடி 11.3 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனல் கிடைத்தால் வகுத்தலே தேவையில்லை. பரப்பு ஏறக்குறைய 100. பத்து மில்லிக்கு ஒரு மில்லிமீட்டர்.

வைக்கும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். சுற்றிலும் புல் அல்லது மண் இருக்கட்டும். சிமெண்டுத் தரை என்றால் தெறிப்பு உள்ளே விழும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதன் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது முறை. மலைவீட்டுச் சின்ன முற்றத்தில் அது நடக்காது. அப்படியானால் உள்ளதிலேயே திறந்த இடமாகப் பார்த்து வைத்து, பிறகு நகர்த்தவே கூடாது. அளவு ஊர்க் கணக்கோடு கொஞ்சம் மாறினாலும் உங்கள் நாளும் நாளும் ஒப்பிடச் சரியாக இருக்கும். மரத்தடி மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே மஞ்சு (மூடுபனி) இறங்கும் நாளில் மழை ஒரு துளி இல்லாமலேயே சவுக்கும் தைலமரமும் சொட்டிக்கொண்டிருக்கும். மொட்டைமாடியும் உதவாது, காற்று துளிகளைப் புனலுக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய்விடும், அளவு குறையும்.

தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டுங்கள். வானிலைத் துறை எடுப்பதும் அதே நேரம்தான். 24 மணி நேர மழையை அளந்த நாளின் தேதியிலேயே எழுதுவார்கள். நீங்களும் அப்படியே செய்தால் செய்தியில் வரும் அளவோடு ஒப்பிடலாம். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் பிறகு பார்க்கும்போது மழை இல்லையா, அளக்கவில்லையா என்று தெரியாது. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் துறைக் கணக்கில் அது மழைநாளே இல்லை. 64.5 தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. பத்து சென்டிமீட்டர் புனலோடு ஒரு லிட்டர் புட்டியில் 127 மில்லிமீட்டர்தான் அடங்கும் என்பதால், எச்சரிக்கை வந்த நாளில் இரவு ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, காலையில் இரண்டையும் கூட்டுங்கள். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த எண் எவ்வளவு பயங்கரமானது என்பது தினமும் 4, 7, 11 என்று எழுதிப் பழகிய கைக்குத்தான் உறைக்கும்.

நீங்கள் இருப்பது கிழக்குச் சரிவு. ஜூன், ஜூலையில் மேற்கே உள்ள கூடலூரும் பந்தலூரும் நனைந்து ஊறும்போது உங்கள் நோட்டில் சின்ன எண்கள்தான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கணக்கு தலைகீழாகும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், நோட்டே காட்டிவிடும்.

பயனும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் தண்ணீர். 80 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 800 லிட்டர். மார்ச்சில் குழாயில் தண்ணீர் முறை வைத்து வரும்போது இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்பதைச் சொல்லும்.

பனிக்காலத்தில் புட்டிக்குப் பதில் ஒரு வெப்பமானி. நவம்பரில் நீர்ப்பனி, அதற்குப் பின் உறைபனி. காற்றில் ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும்போதே புல்லில் வெள்ளை பூத்திருக்கும். மேகமில்லாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதுதான் காரணம். அதனால் ஒரு வெப்பமானியைப் புல் நுனி மட்டத்தில் இரண்டு குச்சியின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள், சூரியன் எழுமுன். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். ஊட்டியை அடுத்துப் பள்ளத்தில் இருக்கும் தலைகுந்தா வெள்ளையாகக் கிடக்கும் அதே காலையில் மேட்டிலுள்ள வீட்டில் வெறும் ஈரம்தான் இருக்கும்.

வாலாட்டி (கோத்தகிரி)

நம்ம ஊர்க்காரர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். கிழக்கு ஜன்னல் இருக்கிறது என்றீர்களே, அதுவே போதும்.

காலை 6.45-லிருந்து 7 மணி வரை, பதினைந்தே நிமிடம், ஜன்னலிலிருந்து தெரியும் பறவைகளை எண்ணி எழுதுங்கள். இனம், எண்ணிக்கை, அவ்வளவுதான். தெரியாததை ‘சாம்பல், வால் ஆட்டுகிறது, தரையில் ஓடுகிறது’ என்று எழுதிவைத்தால் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். கொண்டை வைத்த செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, தேன்சிட்டு மூன்றும் முதல் வாரத்திலேயே பழகிவிடும். புதருக்குள்ளிருந்து கூட்டமாகச் சிரிப்பதுபோல் கேட்டால் அது நீலகிரிச் சிரிப்பான். இந்த மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. பழனி மலையில் இருப்பதுகூட வேறு இனம். சாம்பல் வாலாட்டி குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருவது. அது முதன்முதலில் கண்ணில் பட்ட தேதியை வருடாவருடம் எழுதிவைத்தால் அந்தத் தேதிக்காகவே காத்திருக்கத் தோன்றும்.

மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். விட்டம் ஒன்றேகால் அடி, ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஆழமாக இருந்தால் சின்னப் பறவை இறங்காது. நடுவில் ஒரு சொரசொரப்பான கல். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், வாரம் இருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். பாசி வழுக்கினால் பறவை கால் வைக்காது.

அரிசி, பிஸ்கட், பழம் எதுவும் வைக்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதலில் குரங்கு வரும், பிறகு கரடி வரும். கோத்தகிரியில் கரடி வீட்டுக் கதவை உடைப்பது பழைய செய்தி. வாசனை பழகிய கரடியைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோவதில்தான் முடியும், பாவம் அதற்கு என்ன தெரியும். பறவை வர வேண்டுமென்றால் செடி வையுங்கள். சிவப்பு சால்வியா, பியூசியா இரண்டுக்கும் தேன்சிட்டு வரும். உண்ணிச்செடியை மட்டும் நடாதீர்கள். காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் களை அது.

ஜன்னல் கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் பறவைகள் மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நெடுக்குவாட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் போடுங்கள், அல்லது அதே இடைவெளியில் நூல் தொங்கவிடுங்கள். ஒற்றைக் கழுகுப் படம் ஒட்டுவதால் பிரயோசனமில்லை, அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும்.

ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் எண்ணி, பறவைக் கணக்கைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் நீங்களும் அதில் சேர்ந்தவர்தான். தினமும் எண்ணிப் பழகியவருக்கு அன்றைக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்காது.

காலை நடைக்கும் ஒரு வார்த்தை. இருட்டோடு கிளம்பாதீர்கள். வெளிச்சம் நன்றாகப் பரவிய பிறகு போங்கள். தேயிலைக்குள் கருப்பாகத் தெரிவது பாறையா காட்டெருமையா என்று மஞ்சில் தெரியாது. நின்று உங்களையே பார்த்தால் படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

குளிர்காய்பவன் (ஊட்டி)

இவ்வளவு சொன்னீர்கள், சாயங்காலத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! மண்சட்டியில் நாலு அடுப்புக்கரி போட்டுக் கணப்பு மூட்டி, குடும்பத்தோடு அரை மணி உட்கார்ந்து பேசுவதற்கு ஈடு எது? டிவி தானாக அணைந்துவிடும். கோடைப் பண்பலையை 100.5-ல் மெதுவாக வைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம்.

மழைக்கணக்கு (ஊட்டி)

அண்ணா, உட்கார்ந்து பேசுவது அருமைதான். ஆனால் எங்கே உட்கார்வது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது, கேட்டவர் மலைக்குப் புதியவர். கரிக்கணப்பு திறந்த வாசலிலோ முற்றத்திலோ மட்டும்தான். மூடிய அறைக்குள் ஒருபோதும் கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, புகையும் தெரியாது. கனல் சிவப்பாக, புகையே இல்லாமல் இருக்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, குளிருக்கு இதமாகத் தூக்கம் வருகிறது என்று நினைக்கும்போதே நினைவு போய்விடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. படுக்கும் முன் கரியைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, வெளியிலேயே விட்டுவிடுங்கள். புகைபோக்கி உள்ள கணப்பு என்றால் வருடத்துக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய வேண்டும்; கூடு கட்டி அடைத்திருந்தால் எல்லாமே அறைக்குள் திரும்பும்.

குளிர்காய்பவன் (ஊட்டி)

ரொம்பச் சரி. நான் சொன்னது முற்றத்துக் கணப்பைத்தான், அதை எழுதியிருக்க வேண்டும். புதியவர் இதைக் கட்டாயம் படிக்கவும்.

நிழல்கோல் (கொடைக்கானல்)

பழனி மலைப் பக்கமிருந்து ஒன்று. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு நிமிட வேலை.

முற்றத்தில் மட்டமான இடத்தில் 30 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை நேர்செங்குத்தாக நடுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பக்கத்தில் பிடித்தால் சாய்வு தெரிந்துவிடும். சாய்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் கெடும், அதனால் இதற்குக் கொஞ்சம் மெனக்கெடுங்கள். உச்சிப்பொழுதில் நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தேதி எழுதுங்கள். வாரம் ஒரு கல் போதும்.

உச்சிப்பொழுது இங்கே 12 மணிக்கு வராது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. கொடைக்கானல் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று சராசரி 12.20. அதிலும் வருடத்துக்குள் ஊசலாட்டம் உண்டு: நவம்பர் தொடக்கத்தில் 12.04 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12.34 வாக்கில். கோத்தகிரிக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 21-ஐ ஒட்டி நிழல் வடக்கே 20 சென்டிமீட்டர் நீளும். பிறகு சுருங்கிக்கொண்டே வந்து, கொடைக்கானலில் ஏப்ரல் 16, 17 வாக்கில் கம்பியின் அடியிலேயே மறைந்துவிடும். உங்கள் பக்கம் ஏப்ரல் 20 வாக்கில். அதற்கப்புறம் நிழல் தெற்கே திரும்பும்; ஜூன் 21-ல் ஏழு சென்டிமீட்டர். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு நிழலில்லா நாள் வரும், நீலகிரியில் 23 வாக்கில், இங்கே 26, 27-ல். மேகம் விட்டுக்கொடுத்தால் பார்க்கலாம். கூழாங்கற்களின் வரிசையைப் பார்த்தாலே டிசம்பர், ஜூன் பக்கத்தில் அவை நெருக்கமாகவும், மார்ச், செப்டம்பரில் தள்ளித் தள்ளியும் கிடப்பது தெரியும். திரும்பும் முனைகளில் சூரியன் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இடம் மாறுவதால் அப்படி.

ஒரே வேலையைத் தினமும் செய்வதன் அருமையை எங்கள் ஊரே காட்டுகிறது. 1899-ல் அமைந்த இந்தச் சூரிய ஆய்வகத்தில் நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைத் தினம் தினம் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தது இங்கேதான்.

சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணாடி போட்டும்கூட. நிழலை மட்டும் பாருங்கள்.

கைப்பிடிமண் (எடப்பள்ளி)

அந்த இரண்டடி மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மட்டும் தூவுங்கள். குளிரில் முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். முளைக்கவில்லை என்று கிளறிவிடாதீர்கள். புதினாவைத் தொட்டியில் வையுங்கள், மண்ணில் விட்டால் மற்றதை விழுங்கிவிடும். ரோஸ்மேரிக்கு அரைமுற்றிய தண்டு பத்து சென்டிமீட்டர், கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டுப் பாதி மணல் பாதி மண்ணில், மழை நேராக விழாத தாழ்வாரத்தில். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். மெல்ல இழுத்தால் எதிர்த்து நிற்கும், அதுதான் அடையாளம்.

இங்கே செடி சாவது தண்ணீர் இல்லாமல் அல்ல, அதிகமாகி. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உறைபனி வருமென்று தெரிந்தால் பகலில் மண்ணை நனைத்து, சூரியன் மறையுமுன் சாக்கோ மெல்லிய துணியோ இலையில் படாமல் குச்சி மேல் போர்த்திவிடுங்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். சமையல் கழிவை வெளியில் கொட்டி உரமாக்க நினைக்காதீர்கள். கரடிக்குக் காரணம் மேலே வாலாட்டி சொன்னதுதான்.

புதுமலைவாசி (கோத்தகிரி)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படித்தான் பதில் வேண்டும் என்று கேட்டேன், அதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. மூன்று சந்தேகம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா? கம்பளியும் போர்வையும் எப்போதும் நமுத்த வாடை அடிக்கின்றன, அதற்கும் ஒரு தினசரி வழி உண்டா? மாதத்தில் மூன்று நாள் ஊருக்குப் போய்விடுவேன், அப்போது மழைக்கணக்கு என்னாவது?

இலைக்கொழுந்து (குன்னூர்)

ஒன்றே ஒன்றைத் தொடங்குங்கள். டீயோடு சேர்த்து வேண்டுமானால் ஜன்னலில் பறவை எண்ணிக்கை, இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும். ஆறு வேலையை முதல் நாளே தொடங்கினால் இரண்டாம் வாரம் அது கடன் ஆகிவிடும், பிறகு எதுவும் நிற்காது. ஒன்று கைக்குப் பழகி, செய்யாத நாளில் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றும்போது அடுத்ததைச் சேருங்கள்.

போர்வைக்கு நேரம்தான் மருந்து. காலை பத்தரைக்கு முன் வெளியில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது போட்டால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பத்தரையிலிருந்து இரண்டு வரை கொடியில் ஒற்றை மடிப்பாகப் போட்டு, நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு, மஞ்சு ஏறுமுன் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் மடிக்காமல் பத்து நிமிடம் அறைக்குள் விரித்துச் சூடாறவிட்டுப் பிறகு மடியுங்கள். ஜன்னல்களையும் அதே நேரத்தில் திறந்து மூடினால் சுவரில் பூஞ்சையும் குறையும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், வடக்குச் சுவரென்றால் கட்டாயம். வெயிலில் காய்ந்த கம்பளியை இரவு போர்த்தும்போது அந்த மணத்துக்காகவே மறுநாளும் கொடியில் போடத் தோன்றும்.

மழைக்கணக்கு (ஊட்டி)

ஊருக்குப் போகும் நாட்களைப் பற்றி. புட்டி அப்படியே இருக்கட்டும். திரும்பி வந்ததும் மொத்தத்தையும் அளந்து, ‘மூன்று நாள் சேர்ந்து 41’ என்று வந்த நாளின் கட்டத்தில் எழுதி, முந்தைய இரண்டு கட்டத்திலும் கோடு போட்டுவிடுங்கள். மூன்றால் வகுத்து எழுதாதீர்கள். மாத மொத்தம் சரியாக வரும், ஆனால் பெய்யாத நாளில் பெய்ததாகிவிடும்.

வெயில் மாதமென்றால் மூன்று நாளில் கொஞ்சம் ஆவியாகும். அதற்குக் கிளம்புமுன் புட்டியில் ஐந்து மில்லி எண்ணெய் விடுங்கள். தண்ணீர் மேல் படர்ந்து மூடிக்கொள்ளும். அளக்கும்போது அந்த ஐந்தைக் கழித்துவிடுங்கள். நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ விடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் குளிருக்கு அது புட்டியின் அடியிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை மூடாது, கழுவுவதும் சிரமம்.